களத்தில் கழற்றிய செருப்பு

நவ. 20, வியாழன்

காலையிலிருந்து தூறல். மூட்டம் இறங்கி எதிர்மலையைக் காணோம். கை விறைக்கிறது. ஜாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு படம் போட முடியாது.

இன்றைக்கு:
– ப. 27, 28 வானத்துக்கு வண்ணம்.
– கதைநாயகி ஜெரோப்பின் பாவாடைச் சிவப்பு எல்லாப் பக்கத்திலும் ஒன்றாக இருக்கிறதா பார்.
– கேஸ் பதிவு. அமுதா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள்.
– பேனா முனை தேய்ந்துவிட்டது. ஆன்லைனில் போட்டால் மலைக்கு வராது. போளூர் விலாசம்தான் தர வேண்டும்.

கேஸ் மட்டும் நடந்தது.

வீட்டுக்காரர் கோவிந்தன் வந்து கதவோரம் நின்றார். எங்கள் வாசலுக்கு எதிரே இருப்பது அவர் களம். சாமை அடிக்கப் போகிறார்களாம், தூசு வரும், சன்னலைச் சாத்திக்கொள்ள வேண்டுமாம். சொல்லிவிட்டுப் போகாமல் டேப்லெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெனம் இதுலயே கிறுக்கினு கீறீங்களே சார், யாருக்கு இது?”

“நைரோபில ஒருத்தங்க. கென்யா. ஆப்பிரிக்காவுல.”

“ஏன், அங்க ஆளே கெடைக்கிலியா?”

நியாயமான கேள்வி. கிடைக்கவில்லைதான். கதையை எழுதி வரைகிற வாஞ்சிரு சொன்னது: முன்பெல்லாம் நைரோபியில் காமிக்ஸ் போடுகிறேன் என்றால் குழந்தைப் புத்தகமா என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்களாம். இப்போது லாகோஸ், அக்ரா, கம்பாலா என்று ஊருக்கு ஊர் கூட்டம், ஆளாளுக்குச் சொந்தக் கதை, அனிமேஷன்காரர்கள் வேறு. வண்ணம் போடுகிற ஆட்கள் எல்லோர் கையிலும் வேலை. அதனால்தான் இணையத்தில் ஓவியர் குழுவில் ஆள் கேட்டிருந்தார். சோதனைக்கு ஒரு பக்கம். ஆப்பிரிக்கா என்றதும் மற்றவர்கள் எல்லோரும் மஞ்சள் வெயிலும் குடை மரமும் பெரிய சூரியனும் போட்டு அனுப்பினார்களாம். கதை நடப்பதோ மேட்டுநிலத்தில், மழையில், குளிரில். நான் சன்னலுக்கு வெளியே தெரிந்ததைப் போட்டேன். ஈரப் பச்சை, சாம்பல் வானம். மறுநாளே வேலை.

இதையெல்லாம் கோவிந்தனிடம் சொல்லவில்லை. “கெடைக்கில” என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

முக்கியமான விஷயம். மாலை வாஞ்சிரு பேசினார். அட்டையில் என் பெயர் வருகிறது. உள்ளே பொடி எழுத்தில் இல்லை, அட்டையில். சென்னை ஸ்டுடியோவில் பத்து வருஷம், எந்த நாட்டுக் குழந்தைகளுக்கோ பனியும் பைன் மரமும் போட்டேன். பனியை நான் பார்த்ததும் இல்லை, என் பெயரை அதில் யாரும் பார்த்ததும் இல்லை. ஸ்டுடியோவை மூடினார்கள், அமுதாவுக்கு இங்கே நர்ஸ் வேலை, வந்துவிட்டோம். இந்த மலையில் நான் ‘நர்சம்மா வூட்டுக்காரர்’. அவ்வளவுதான்.

பெயர் எப்படிப் போட வேண்டும் என்று கேட்டார். கு. பழனி என்றேன். ‘கு’ என்றால் என்ன? அப்பா பெயர், குப்புசாமி. அப்படியென்றால் அவரும் அட்டைக்கு வருகிறார் என்று சிரித்தார்.

அப்பாவிடம் இப்போது சொல்ல வேண்டாம். அச்சாகட்டும். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. யாராவது கேட்டால், “கம்ப்யூட்டர்ல” என்பார்.

நவ. 22, சனி

வெயில். சாமை அடிக்கிறார்கள். டிராக்டரைக் களத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டுகிறார்கள். காது போகிறது. சன்னலைச் சாத்தியும் தேநீரில் உமி.

ப. 30 முதல் 33 வரை முடித்தேன். களத்துக் காட்சி. கை தானாக ஓடியது. கதை நடக்கும் ஊரில் விளைவது கேழ்வரகு. வாஞ்சிரு அனுப்பிய புகைப்படங்களைப் பார்த்தால் என் ஊர் சந்தவாசலில் எங்கள் களம் மாதிரியே. சாணி மெழுகிய தரை, ஓரத்தில் துடைப்பம், ஒரு கோழி.

அமுதா சாப்பிடும்போது கதை கேட்டாள். பாதிக் கதைதான் அவளுக்குத் தெரியும். சொன்னேன். விதைக் கேழ்வரகு வைத்திருந்த பானை காணாமல் போகிறது. மெழுகிய களத்தில் செருப்புத் தடம். அந்த மலையில் எல்லோரும் போடுவது ஒரே சந்தையில் வாங்கிய டயர் செருப்பு, ஜெரோப்பும் அதைத்தான் போட்டிருக்கிறாள், திருடனும் அதைத்தான். பழி அவள்மேல் விழுகிறது. அதைத் துடைக்கத்தான் மீதிக் கதை.

“அவ எடுக்கிலன்னு எப்டி தெரியும்?”

“திருடன் செருப்புல குதிகால்ல ஒரு வெட்டு கீது.”

“இத மொதல்லயே பாத்துருக்கலாமே ஊர்க்காரங்க.”

“அப்ப புத்தகம் எட்டு பக்கத்துல முடிஞ்சிடும்.”

“நல்லதுதானே. கண்ணு கெட்டுப் போவாது உங்களுக்கு.”

மாலை வண்டியை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போனேன். சிக்னல் அங்கேதான். எல்லாப் பக்கமும் ஏற்றியாகிவிட்டது. ஏறும்வரை குழுவில் பேச்சைப் படித்துக்கொண்டிருந்தேன். லாகோஸ்காரர்: கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டர் சத்தத்தில் வசனம் எழுதுகிறேன். அக்ராக்காரி: எழுது, எல்லாரும் கத்திப் பேசுகிற கதையாக எழுது. கம்பாலாப் பையன் போனிலேயே முழுப் புத்தகம் வரைந்துவிட்டான், விரலால். நான் மலையிலிருந்து மாட்டுப் படம் ஒன்று போட்டேன். நிறைய இதயக்குறி.

மனசு நிறைவாக இருந்தது. வரும் வழியில் போண்டா.

நவ. 24, திங்கள்

மூட்டம். நைரோபியிலிருந்து பேச்சில்லை. பார்த்த குறி நீலமாக நிற்கிறது, பதில் இல்லை.

அமுதாவுக்கு மேலூரில் தடுப்பூசி முகாம். ஜீப் சேற்றில் மாட்டி, நடந்தே போய், நடந்தே வந்தாள். கால் வீங்கியிருக்கிறது. சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தேன்.

முட்டை, சோப்பு, கொசுவத்தி வாங்க வேண்டும்.

இன்னும் பதில் இல்லை. பிடித்திருந்தால் உடனே சொல்லிவிடுவார். அதுதான் உறுத்துகிறது.

நவ. 25, செவ்வாய்

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் வாஞ்சிரு. இங்கே வீட்டுக்குள்ளேயே எப்படியோ சிக்னல் கிடைத்தது. கிடைக்காமல் இருந்திருக்கலாம்.

வணக்கம்கூட இல்லை. “செருப்பு எங்கே?” என்றார்.

எந்தச் செருப்பு என்றேன். நிஜமாகவே தெரியவில்லை எனக்கு.

கண்டுபிடித்தது ஒதியேனோ. அனிமேஷன்காரர். புத்தகத்துக்கு விளம்பரமாக என் பக்கங்களை அசைய வைத்து ஒரு குட்டிப் படம் செய்கிறார். ஜெரோப் களத்தில் ஓடும் இடத்துக்கு நிஜ டயர் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிச் சத்தம் பதிவு செய்து வைத்திருந்தாராம். பட், பட், பட். சத்தத்தைப் படத்தோடு சேர்த்துப் பார்த்தால் ஜெரோப் வெறுங்காலில் ஓடுகிறாள்.

கோப்பைத் திறந்து பார்த்தேன். வாஞ்சிருவின் கோட்டில் செருப்பு இருக்கிறது. பட்டையாக, தெளிவாக. அதன்மேல் நான் கால் தோலின் நிறத்தைப் பூசி, விரலுக்கு நகம் வேறு வைத்திருக்கிறேன். களத்துக்குள் அவள் வருகிற கட்டம் ஒவ்வொன்றிலும். ப. 32இல் முழுப் பக்கத் தடம், கதைக்கே அதுதான் உயிர். டயர் வரியை அழித்துவிட்டு ஐந்து விரல் போட்டிருக்கிறேன். களத்தின் ஓரத்தில் வாஞ்சிரு வரையாத ஒன்று: ஒரு ஜோடி செருப்பு. ஒழுங்காக, ஒன்றை ஒன்று ஒட்டி, வெளிப்பக்கம் பார்த்து.

“திருடனைத் துரத்திக்கொண்டு ஓடுகிறவள் இதை எப்போது கழற்றி அடுக்கி வைத்தாள்?” என்று கேட்டார்.

கதை தெரியும் எனக்கு. சனிக்கிழமைதான் அமுதாவிடம் சொன்னேன். வெறுங்காலோடு நின்றால் அவள்மேல் பழி எப்படி விழும்? கதையே இல்லை. தெரிந்தும் கை கழற்றியிருக்கிறது. களம் என்றதும் கழற்றியிருக்கிறது.

வாஞ்சிரு சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். அச்சகத்தில் அவர்களுக்கு ஒதுக்கியது வெள்ளி காலை. அடுத்த வாரம் காமிக்ஸ் சந்தை, மேசைக்குச் சொல்லியாகிவிட்டது, தள்ளிப் போட முடியாது. வியாழன் மாலைக்குள் எல்லாம் சரியாகி வர வேண்டும். வராவிட்டால் புத்தகம் முழுவதையும் வெறும் கோட்டில், கறுப்பு வெள்ளையில் போட்டுவிடுவார். வண்ணம் இல்லாத புத்தகத்தில் வண்ணம் போட்டவன் பெயர் எதற்கு?

கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

அமுதாவிடம் காட்டினேன். பார்த்தாள், சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு.

“இன்னாங்க இது, கோயில் வாசல்ல வுட்ட மாதிரி வுட்டுட்டு போயிருக்கா.”

“சிரிக்காத.”

“இது உங்கப்பா பண்ண வேல.”

இருக்கலாம். ஐந்தாவதோ ஆறாவதோ படிக்கும்போது பள்ளிக்கூடத்துச் செருப்போடு களத்தில் ஏறிவிட்டேன். அப்பா அடிக்கவில்லை. செருப்பைக் கழற்றி வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தார், நெல் வீட்டுக்கு வரும்வரை என்னோடு பேசவில்லை. அதைச் சொல்லி வாஞ்சிருவிடம் சமாதானம் பேச முடியுமா? அவருக்கு வேண்டியது செருப்பு.

எரிச்சல். அப்பாமேல், என்மேல், அந்தக் கோழிமேல்.

நவ. 26, புதன்

மேகம். குளிர். காலையிலேயே உட்கார்ந்தேன். ஓரத்து ஜோடியை அழித்தேன். கட்டம் கட்டமாக அவளுக்குச் செருப்பை மாட்டினேன். பள்ளிக்கு நேரமாகிவிட்ட பிள்ளைக்கு மாட்டுகிற மாதிரி.

ப. 32 வரவில்லை. ஈரச் சாணித் தரையில் டயர் வரி எப்படிப் பதியும், ஓரம் எப்படிப் பிதுங்கும், பக்கத்து வெளிச்சம் எங்கே விழும், கண்ணில் இல்லை எனக்கு. இருக்கவும் முடியாது. எங்கள் களத்தில் செருப்புத் தடம் யார் பதித்தார்கள்? போட்டுப் போட்டு அழித்தேன். சப்பாத்தி மாதிரி வருகிறது.

எதிரே கோவிந்தன் இரண்டாம் அடிப்புக்காகக் களத்தை மெழுகி முடித்திருந்தார். வெளியே போனேன். தயங்கித் தயங்கிக் கேட்டேன்: மூலையில் ஒரு தடம் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாமா.

“வச்சிக்கோங்க. ஓரமா. நடுவுல வேணாம், ஈரமா கீது.”

“செருப்போட.”

“செருப்போடதான். நான் எப்டி போறேன்?”

அப்போதுதான் பார்த்தேன், அவர் காலில் டயர் செருப்பு. திருப்பத்தூர் சந்தையில் வாங்கியதாம். களத்தின் விளிம்பில், மெழுகின இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

“நீங்க கழட்ட மாட்டீங்களா?”

“எங்கப்பா கழட்டுவாரு. எனக்குக் கால்ல ஆணி சார். வெறுங்கால்ல நடக்கவே கூடாதுன்னு நர்சம்மா சொல்லிக்கிறாங்க.”

நர்சம்மா. என் வீட்டில்தான் சாப்பிடுகிறாள்.

அவர் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒரு கோணியின்மேல் ஏறி நின்றுகொண்டார். மாட்டினேன். பெரியது. களத்தின் மூலைக்குப் போனேன். நின்றேன். முப்பத்தைந்து வயது ஆளுக்குச் சாணித் தரையில் கால் வைக்க முடியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் வேறு பார்த்தேன், யாராவது வருகிறார்களா என்று.

“இன்னா சார், பாம்பு கீதா?”

“இல்ல.”

“குளிருதே. வச்சிட்டு குடுங்க, சீக்கிரம்.”

வைத்தேன். மெத்தென்று இறங்கியது. எடுத்தபோது வரி வரியாகப் பதிந்திருந்தது, ஓரத்தில் சின்னதாக மேடு கட்டி. நடு வரியில் மட்டும் ஈரம் மினுங்கியது. இதை நானாக யோசித்துப் போட்டிருக்கவே முடியாது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், குனிந்து, படுத்து என்று படம் எடுத்துக்கொண்டேன். சிரிப்பு வந்தது.

சாயந்திரத்துக்குள் ப. 32 பாதி. மழை பிடித்தது, கரண்ட் போனது. கம்பம் சாய்ந்துவிட்டதாம், எப்போது வரும் என்று தெரியாதாம். டேப்லெட்டில் சார்ஜ் கால்வாசி.

நவ. 27, வியாழன்

கரண்ட் வரவில்லை. மழை விடவில்லை. தொட்டி மேட்டிலும் சிக்னல் செத்துவிட்டது.

முதல் பஸ்ஸில் போளூர். டேப்லெட்டை அமுதாவின் தடுப்பூசிப் பெட்டி உறையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அவளே சுற்றிக் கொடுத்தாள். “தண்ணி பூராது, தைரியமா போங்க” என்றாள். வளைவில் ஒரு மரம் விழுந்து கிடந்தது, இறங்கி ஆண்கள் எல்லோரும் இழுத்துப் போட்டோம். கால்சட்டை முழங்கால்வரை சேறு.

போளூர் பஸ் நிலையத்துக்கு எதிரே நெட் சென்டர். மூலையில் ஒரு மேசை கொடுத்தார்கள். ப. 32ஐ அங்கே உட்கார்ந்து முடித்தேன். பக்கத்தில் ஜாதிச் சான்றுக்கு விண்ணப்பம் போட வந்த அம்மா எட்டிப் பார்த்து, “இன்னாப்பா இது, சாணியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். பரவாயில்லை, சாணி என்று தெரிகிறது.

மாலை ஐந்துக்குள் எல்லாம் போய்ச் சேர்ந்தது. நைரோபியில் அப்போது பகல்தான். கீழே ஒரு வரி எழுதினேன்: எங்கள் ஊரில் களத்தில் செருப்போடு ஏற மாட்டோம், கை கழற்றிவிட்டது, மன்னிக்கவும். எழுதிவிட்டு முன்பாதியை அழித்தேன். மன்னிக்கவும், சரி செய்துவிட்டேன் என்று மட்டும் போட்டேன். பிறகு அழித்ததைத் திரும்ப எழுதி அனுப்பிவிட்டேன். தெரிந்துகொள்ளட்டுமே.

பஸ் ஏறும்வரை பதில் இல்லை. மலையடிவாரம் தாண்டினால் சிக்னல் போய்விடும். போய்விட்டது.

நவ. 28, வெள்ளி

மழை விட்டது. கரண்ட் வந்தது. வேலை ஓடவில்லை. அரிசி களைந்து வைத்தேன், துணி துவைத்தேன், காயப்போட்டதைத் திரும்ப எடுத்துத் திரும்பப் போட்டேன்.

மத்தியானம் தொட்டி மேடு. முதலில் ஒதியேனோவின் செய்தி: குட்டிப் படத்தின் அந்த இடம் மட்டும். ஜெரோப் ஓடுகிறாள். பட், பட், பட். காலும் சத்தமும் ஒன்றாக இருக்கிறது. அங்கேயே ஐந்தாறு தடவை பார்த்தேன். மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் சத்தம் கேட்டு என் காலைப் பார்த்தார்.

பிறகு வாஞ்சிரு. ப. 32 பற்றி: இந்தத் தரை நாறுகிறது. அவர் சொன்னால் அது பாராட்டு. களத்துச் செருப்புப் பற்றி: அவருடைய பெரியம்மா வீட்டில் தானியக் கிடங்குக்குள் விசில் அடிக்கக் கூடாதாம், இன்றுவரை எந்தக் கிடங்கைப் பார்த்தாலும் வாய் தானாக மூடிக்கொள்கிறதாம். “அடுத்த தடவை உன் கை எதையாவது கழற்றினால் முதலில் என்னிடம் சொல்லு.” அடுத்த தடவை என்றிருக்கிறார்.

கடைசியாக ஒரு புகைப்படம். அச்சகத்தில் எடுத்தது, மை காயாத அட்டை. கதை, ஓவியம்: வாஞ்சிரு. வண்ணம்: கு. பழனி.

அமுதா வந்ததும் காட்டினேன். விரலால் பெரிசாக்கி, இன்னும் பெரிசாக்கி, பெயர் மட்டும் திரை முழுக்க வரும்படி வைத்துக்கொண்டு பார்த்தாள். கண் கலங்கியது, துடைத்துக்கொண்டாள்.

“இனிமே நர்சம்மா வூட்டுக்காரர்னு கூப்ட்டா திரும்பாதீங்க.”

“கோவிந்தன் கூப்ட்டா?”

“அவருக்கு மட்டும் திரும்புங்க. செருப்பு குடுத்தாரே.”

நவ. 30, ஞாயிறு

நல்ல வெயில். கிளம்பும்போது பார்த்தேன். களத்து மூலையில் என் தடம் கல் மாதிரி காய்ந்து நின்றது. கோவிந்தன் அதன்மேலேயே சாமையைக் கொட்டிப் பரப்பிக்கொண்டிருந்தார்.

சந்தவாசல். அரிசி மூட்டை எடுத்துவர. அமுதா வரவில்லை, டூட்டி.

அம்மா குழம்பு கொதிக்கட்டும் என்றாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து மாட்டுக்குக் கயிறு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. டேப்லெட்டை எடுத்து அட்டையைக் காட்டினேன்.

“இது நான் போட்டது.”

பார்த்தார். பெயர் ஆங்கிலத்தில் இருந்தது, படித்துக் காட்டினேன். ‘கு’ நீதான்ப்பா என்றேன். “ம்” என்றார். கயிற்றைக் கீழே வைக்கவில்லை.

உள்ளே தள்ளிக் காட்டினேன். பானை காணாமல் போனதைச் சொன்னேன். மலை, மழை, கேழ்வரகுக் கொல்லை. கேழ்வரகைப் பார்த்ததும் கொஞ்சம் குனிந்தார். “கதுரு நல்லா புடிச்சிக்கிது” என்றார். களம் வந்தது. ஜெரோப் ஓடி வந்து நடுவில் நிற்கிற கட்டம்.

கயிற்றைக் கீழே வைத்தார்.

“யார்ரா இந்தப் பொண்ணு?”

“ஜெரோப். அந்தக் கதைல வர்ற பொண்ணு.”

“களத்துல செருப்போட நிக்குது.”

“ஆமாப்பா.”

ப. 32. தடம். விரலை வைத்துத் தொட்டார், பக்கம் நகர்ந்துவிட்டது, திரும்பக் கொண்டுவந்து கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். என்னைத் திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“அவதான் எடுத்துக்கிறா,” என்றார்.

“எத?”

“வெதப் பானைய. களத்துல செருப்போட ஏர்றவ இன்னாதான் பண்ண மாட்டா? அவதான்டா.”

அடுத்த பக்கத்தைத் தள்ளினேன்.

“இரு, தள்ளாத,” என்று எழுந்தார். “கண்ணாடிய எடுத்துட்டு வர்றேன்.”